எம்.ஏ. வகுப்பு வாசலில் நிற்கும் அரியர்

கடந்த கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் நடத்தும் படிப்பு வட்டத்துக்கு ஒரு தங்கை வந்து ஓரமாக உட்கார்ந்தாள். பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்து மேடவாக்கம், சேலையூர் வழியாகக் கட்டணமில்லாப் பேருந்தில் வருபவள். தென்சென்னையில் உள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு. வழக்கமாக வந்ததும் பேச ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

“எம்.ஏ. பேப்பர் எடுக்க முடியாதாம் அக்கா. எனக்கு அரியர் ஹிஸ்டரி இருக்காம்.”

விஷயம் இதுதான். அவள் கல்லூரியின் விதிப் புத்தகத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள், வழக்கமான விருப்பப்பாடம் ஒன்றுக்குப் பதிலாக, எம்.ஏ. முதலாண்டுப் பாடம் ஒன்றை எடுத்துப் படிக்கலாம். கிரெடிட் இளங்கலைக் கணக்கில் சேரும். அவள் கேட்டது எகனாமெட்ரிக்ஸ். விதிப்படி இரண்டு தகுதிகள் வேண்டும்: 75 விழுக்காடு மதிப்பெண், எந்தச் செமஸ்டரிலும் அரியர் வைத்திராமை. முதலாவது அவளிடம் இருந்தது. புள்ளியியலில் வகுப்பிலேயே முதலிடம். இரண்டாவது இல்லை. முதல் செமஸ்டரில் பகுதி இரண்டு ஆங்கிலத்தில் 34 மதிப்பெண். தேர்ச்சிக்கு 40 வேண்டும். அடுத்த செமஸ்டரிலேயே எழுதித் தேறிவிட்டாள். ஆனாலும் விதியின் கண்ணில் அது ‘வரலாறு’.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. “நல்லா படிக்கிற பொண்ணுதாம்மா நீ. ரூல் அப்படி இருக்கு, நான் என்ன பண்றது?” என்று சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் நாங்கள் என்ன சொன்னோம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். “விடும்மா, முதல்ல டிகிரியை முடி. எம்.ஏ. சேர்ந்தா அந்தப் பேப்பர் தானா வரப்போகுது” என்றோம். அவள் எங்களைப் பார்த்து, “எல்லாரும் அதையேதான் சொல்றீங்க அக்கா” என்றாள்.

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது. நம் பிள்ளைகள் தேறினால் போதும் என்று நாமே நினைக்கப் பழகிவிட்டோம். தேறுவதற்கு மேல் ஒருத்தி ஆசைப்பட்டால், அது ஏதோ அதிகப்படியான ஆசை போல நமக்கே தோன்றுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இயல்பான ஆசை நம் பிள்ளைக்கு எப்படி அதிகப்படியாகிறது?

அந்தப் பேப்பரில் என்ன இருக்கிறது?

எகனாமெட்ரிக்ஸ் என்றால் பொருளாதார அளவையியல். ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் சேர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு காரணத்தின் பங்கையும் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் முறை. கூலி ஏன் குறைவு? படிப்பு குறைவாலா, அனுபவம் குறைவாலா, ஊராலா, சாதியாலா? மேடையில் நாம் ‘சாதியால்தான்’ என்கிறோம். எதிரே இருப்பவர் ‘தகுதி இல்லாததால்’ என்கிறார். இந்த வழக்கைக் கணக்கில் வைத்து வாதாடும் கருவிதான் அந்தப் பேப்பர்.

எடுத்துக்காட்டு சொல்கிறோம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் வெளிவந்தது. தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதிகளோடு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். பெயரில் மட்டும் வேறுபாடு: சிலவற்றில் ஆதிக்க சாதி இந்துப் பெயர், சிலவற்றில் தலித் பெயர், சிலவற்றில் முஸ்லிம் பெயர். நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்க சாதிப் பெயருக்கு ஒன்று என்றால் தலித் பெயருக்கு 0.67. படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, பெயர் மட்டும் வேறு. தனியார் துறையில் இட ஒதுக்கீடு ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

ஆனால் அந்த 0.67 எப்படி வந்தது, அதை எவ்வளவு நம்பலாம், எதிராளி எங்கே கேள்வி கேட்பார் என்பதெல்லாம் இளங்கலைப் பாடத்திட்டம் மட்டும் படித்தவருக்குப் புரியாது. நம் கல்லூரிகளில் பி.ஏ. பொருளாதாரம் பெரும்பாலும் என்ன? மார்ஷல் இலக்கணம், ராபின்ஸ் இலக்கணம், சமநோக்கு வளைகோடுகளை வரைந்து பக்கத்தில் விளக்கம் எழுதுவது, ஐந்தாண்டுத் திட்டங்களின் நோக்கங்களைப் பட்டியலிடுவது. நம் வாழ்க்கையை அளக்கும் பொருளாதாரம் எம்.ஏ. வகுப்பில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அது பி.ஏ. மாணவிக்கு எட்டாத உயரம் என்று யாராவது சொன்னால், நம் மாநில பிளஸ் டூ பொருளியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி அத்தியாயமே புள்ளியியல் முறைகளும் பொருளாதார அளவையியல் அறிமுகமும்தான். அரசுப் பள்ளியில் வணிகவியல் பிரிவில் படித்த இந்தத் தங்கை அதைப் படித்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வந்தாள். 17 வயதில் அறிமுகப்படுத்திய ஒன்றை 20 வயதில் ‘உனக்கு இன்னும் நேரம் வரவில்லை’ என்பது என்ன நியாயம்?

தாண்டிப் போவது புதிதா?

இளங்கலையில் இருந்துகொண்டே முதுகலைத் தரத்தில் படிப்பது ஏதோ புதிய கல்விக் கொள்கை கொண்டுவந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பழைய சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் என்று ஒன்று இருந்தது. இன்டர்மீடியட் முடித்தவர்கள் சாதாரண பி.ஏ.வை இரண்டு ஆண்டில் முடிப்பார்கள். ஆனர்ஸ் மூன்று ஆண்டு. ஆனர்ஸ் தேறியவர் தனியாக எம்.ஏ. வகுப்பில் உட்காராமலே பின்னர் எம்.ஏ. பட்டம் பெறலாம். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்து, நகராட்சியில் எழுத்தர் வேலையும் பார்த்துவிட்டு, பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் ஆனர்ஸ் படித்து 1934இல் தேறிய அண்ணாதுரை, ‘அண்ணா எம்.ஏ.’ ஆன வழி அந்த ஆனர்ஸ்தான். 1950களின் பிற்பகுதியில் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டமும் வந்தபோது அந்த முறை மறைந்தது.

பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா, அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்த கிறித்தவக் கல்லூரியில் படித்துத்தான் ஆசிரியரானார், பிறகு சட்டமன்றம் வரை போனார். அந்தக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. அங்கே பொருளாதாரம் கற்பித்த சி.டி. குரியன் 1978இல் அடையாற்றில் உள்ள எம்.ஐ.டி.எஸ். நிறுவனத்தின் இயக்குநராகப் போனார். தமிழகக் கிராமப்புற வறுமையைப் பற்றி இன்றும் படிக்கப்படும் ஆய்வுகளை எழுதியவர் அவர். தாம்பரத்துக்கும் ஏழைகளின் பொருளாதாரத்துக்கும் இப்படி ஒரு பழைய உறவு உண்டு. தாம்பரம் சானடோரியம் சித்த மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர் இருக்கிறது. பெயர்ப் பலகைகளுக்குக் குறைவில்லை. வகுப்பறைக்குள் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இன்றைக்கும் தாண்டிப் போகும் வழிகள் இருக்கின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸின் மானுடவியல் மற்றும் சமூக அறிவியல் துறை 2006இல் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ.வைத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த பிள்ளை, பி.ஏ. என்ற படியில் நிற்காமல், நேரே எம்.ஏ. பட்டத்தோடு வெளியே வர முடிந்தது. அதற்கான நுழைவுத்தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. இப்போது அங்கே இரண்டாண்டு எம்.ஏ. வந்துவிட்டது. கோட்டூர்புரம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. நடத்தியது. அமெரிக்காவில் பொருளாதார பிஎச்.டி.க்குப் போக நினைக்கும் இளங்கலை மாணவர்கள், முதுநிலைப் பாடம் ஒன்றிரண்டை முன்கூட்டியே எடுத்துத் தங்கள் திறமையைக் காட்டுவது வழக்கமாகவே ஆகிவிட்டது.

யு.ஜி.சி.யும் சும்மா இல்லை. 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைக் கிரெடிட் கட்டமைப்பில் பாடங்களுக்கு எண் வரிசை கொடுத்தது. அதில் 500 முதல் 599 வரை உள்ளவை எம்.ஏ. முதலாண்டுத் தரம். நான்காண்டு இளங்கலையில் முதல் ஆறு செமஸ்டரில் 75 விழுக்காடு எடுத்தவர்களுக்கு மட்டும் ஆராய்ச்சிப் பிரிவு. நான்காண்டு முடித்தவருக்கு எம்.ஏ. ஓராண்டு. 2024 நவம்பரில் இன்னொன்றும் சொன்னது: வேகமாகப் படிப்பவர்கள் மூன்றாண்டுப் பட்டத்தை ஐந்து செமஸ்டரில் முடிக்கலாம், அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 விழுக்காடு வரை இதற்கு ஒதுக்கலாம்.

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டுப் பட்டத்திலேயே நிற்கின்றன. அது சரி என்றே நாங்களும் நினைக்கிறோம். ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் வெளியேறினால் டிப்ளமோ என்ற ஏற்பாட்டில், கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் நம் பிள்ளையின் இடைநிற்றலுக்கு ‘வெளியேறும் வாய்ப்பு’ என்று அழகான பெயர் கிடைத்துவிடும். யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அதை எதிர்க்கிறோம். ஆனால் கொள்கையை எதிர்ப்பதால், மேல் வகுப்பில் உட்கார ஆசைப்படும் நம் பிள்ளைக்கு வழி கேட்கக்கூடாது என்று ஆகிவிடாது. அந்த வழி ஆனர்ஸ் காலத்திலேயே இருந்தது, அதைக் கேட்க எந்தக் கொள்கையின் தயவும் நமக்குத் தேவையில்லை.

ஏழை தாண்டினால் குற்றம்

தாண்டிப் போவதில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. யார் தாண்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதற்குப் பெயர் மாறுகிறது.

திறந்தநிலைப் பல்கலைக்கழக முறை என்று ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் வயது நிரம்பியிருந்தால் நேரடியாக பி.ஏ., நேரடியாக எம்.ஏ. எழுதலாம். பனியன் கம்பெனியிலும் தோல் பதனிடும் தொழிற்சாலையிலும் வேலை செய்துகொண்டே படித்தவர்கள் அதில் ஏராளம். வீட்டு வறுமையால் பத்தாம் வகுப்போடு நின்ற நம் அண்ணன்கள், அக்காக்கள் விட்ட இடத்தைப் பிடிக்க அந்த வழியில் போனார்கள். 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், அடிப்படைப் பட்டம் இல்லாமல் பெற்ற எம்.ஏ. செல்லாது என்றது. அதே ஆண்டு தமிழக அரசும், பத்து, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படிக்காதவர்களின் திறந்தநிலைப் பட்டங்கள் அரசு வேலைக்குத் தகுதியாகா என்று ஆணை போட்டது. வாங்கிய பட்டம் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது.

அந்தப் பட்டங்களின் தரத்தில் குறை இருந்தது என்று சொல்வார்கள். இருந்திருக்கலாம். பணம் வாங்கியதும் பட்டம் கொடுத்ததும் பல்கலைக்கழகம். தண்டனை மட்டும் படித்தவருக்கு. இன்னொரு பக்கம், பி.ஏ. பட்டம் வாங்காமலே ஐந்தாண்டில் எம்.ஏ.வோடு வெளியே வரும் பிள்ளையை நாம் அறிவாளி என்கிறோம். இரண்டும் ஒன்று என்று நாங்கள் வாதிடவில்லை. முன்னதற்கு அரசும் நிறுவனமும் சட்டப் பாதுகாப்போடு படிக்கட்டு கட்டிக் கொடுக்கவில்லை, பின்னதற்குக் கட்டிக் கொடுத்தது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கரின் படிப்பையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 1912இல் பம்பாயில் பி.ஏ. 1913இல் பரோடா மன்னரின் மூன்றாண்டு உதவித்தொகையில் கொலம்பியா. 1915இல் எம்.ஏ. கொலம்பியாவில் பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார். வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானுடவியல் எல்லாம் அதற்கு மேல். ஒரு பட்டத்துக்கு இவ்வளவு தேவையில்லை. கிடைத்த வாசல் எப்போது மூடும் என்று தெரிந்தவர், திறந்திருக்கும்போதே அள்ளிக்கொண்டார். அவர் நினைத்தது போலவே நடந்தது. லண்டனில் படிப்பு பாதியில் இருக்க, உதவித்தொகைக் காலம் முடிந்து 1917இல் திரும்ப வேண்டி வந்தது. மறுபடி பணம் சேர்த்துப் போய், 1923இல்தான் ‘ரூபாயின் சிக்கல்’ ஆய்வேட்டுக்கு டி.எஸ்சி. பெற்றார்.

வசதியுள்ளவருக்கு ஓராண்டு என்பது ஓராண்டு. நமக்கு ஓராண்டு என்பது கட்டணம், பேருந்து, அம்மாவின் முதுகு வலி, தம்பியின் படிப்பு, ‘பொண்ணுக்கு வயசாகுதே’ என்ற பேச்சு. அதனால்தான் ‘பிறகு படித்துக்கொள்ளலாம்’ என்ற அறிவுரை நம் வீட்டில் மிக விலை உயர்ந்த அறிவுரை.

விதி யாரைப் பார்த்து எழுதப்பட்டது?

அந்தக் கல்லூரியின் விதியில் சாதி என்ற சொல் இல்லை. எழுதியவர் மனதிலும் இருந்திருக்காது. ஆனால் விதி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

முதல் செமஸ்டரில் யாருக்கு அரியர் விழுகிறது? இந்தத் தங்கையின் குடும்பம் 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டது. ஏழாம் வகுப்பு நடுவில் பள்ளி மாறினாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கல்லூரிக்கு வந்த முதல் மாதத்தில், எல்லாம் ஆங்கிலத்தில். அப்பா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அம்மா மேடவாக்கத்து அடுக்குமாடிகளில் வீட்டு வேலை. வீட்டில் ஆங்கிலப் புத்தகம் படித்துக் காட்ட ஆள் இல்லை. அப்படி வந்தவள் முதல் செமஸ்டர் ஆங்கிலத்தில் 34 எடுத்தாள், அடுத்த செமஸ்டரில் தேறினாள். எங்களைக் கேட்டால் அந்த அரியர் அவளுடைய குறையே இல்லை. ஆறு மாதத்தில் அவள் எவ்வளவு தூரம் ஏறினாள் என்பதற்கான அளவுகோல்.

விதி அதைத் தலைகீழாகப் படிக்கிறது. தரையிலிருந்து ஏறியவளை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே மாடியில் நின்றவரைத் தேர்ந்தெடுக்கிறது. ஆங்கிலத்தில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் எகனாமெட்ரிக்ஸ் படிக்கும் திறனுக்கும் என்ன தொடர்பு? புள்ளியியலில் முதலிடம் வாங்கியவளுக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கும்? ஆனாலும் ‘அரியர் வரலாறு’ என்ற இரண்டு சொல் போதும். சமூகவியல் படித்த காலத்தில், ‘நடுநிலையான விதி’ எப்படிச் சாதியின் வேலையைச் செய்யும் என்று கட்டுரை எழுதியிருக்கிறோம். அதை ஒரு பிள்ளையின் முகத்தில் பார்ப்பது வேறு.

நாக் மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் மாணவர்களை ‘அட்வான்ஸ்டு லேனர்’, ‘ஸ்லோ லேனர்’ என்று பிரித்துக் கணக்குக் காட்டுகின்றன. பிரிப்பதன் நோக்கம் இருவருக்கும் வேண்டியதைக் கொடுப்பது. நடைமுறையில் என்ன ஆகிறது? முதல் செமஸ்டரில் ‘ஸ்லோ’ பட்டியலில் விழுந்த பெயர் மூன்றாண்டும் அங்கேயே கிடக்கிறது. ஒரே மாணவி ஆங்கிலத்தில் மெதுவாகவும் கணக்கில் வேகமாகவும் இருக்கலாம் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

எதிர்த் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பேராசிரியர் எங்களிடம் தொலைபேசியில் பேசினார். “மேடம், எம்.ஏ. பேப்பர்ல ஃபெயில் ஆயிட்டா பொண்ணுக்கு டிகிரியே தள்ளிப்போகும். முதல் தலைமுறைப் பிள்ளை. அந்த ரிஸ்க்கை நான் எப்படி எடுக்க விடறது?” என்றார். அக்கறையோடுதான் கேட்டார். கடைசி ஆண்டில் ஓர் அரியர் நம் வீட்டில் என்னவெல்லாம் செய்யும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அதற்கு மருந்து பிள்ளையைத் தடுப்பதா? விழுந்தால் தாங்க ஒரு வலை கட்டுவதா? எம்.ஏ. பாடத்தில் தேறாவிட்டால் வழக்கமான விருப்பப்பாடத்தை எழுதி முடித்துக்கொள்ளலாம், அரியர் பதிவாகாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பயம் தீர்ந்தது.

நம் இயக்கத் தோழர்களிடமிருந்தும் ஒரு கேள்வி வந்தது. “பிளஸ் டூவிலேயே நம்ம பசங்க நிக்கிறாங்க. நீங்க எம்.ஏ. பேப்பரைப் பத்திப் பேசறீங்களே?” என்றார் ஒரு மூத்த தோழர். இடைநிற்றலைத் தடுப்பதுதான் எங்கள் அன்றாட வேலை. அதை விடப்போவதில்லை. ஆனால் அடியில் ஓட்டையை அடைக்கும் வேலை முடிந்த பிறகுதான் உச்சியைப் பார்க்க வேண்டும் என்றால், அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போயிருக்கவே கூடாது. நம்மைப் பற்றிய கணக்கை வேறு யாரோ போட்டுக்கொண்டே இருப்பார்கள். உதவித்தொகை எவ்வளவு, வறுமைக்கோடு எங்கே, எந்தக் குடியிருப்பை எங்கே தூக்கிப் போடலாம் என்று முடிவெடுக்கும் மேசையில் நம் பிள்ளை உட்கார வேண்டுமென்றால், அந்த மேசையின் மொழி எம்.ஏ. வகுப்பில்தான் கற்பிக்கப்படுகிறது.

நாங்கள் கேட்பது

இது பெரிய சட்டத் திருத்தம் வேண்டிய விஷயம் இல்லை. தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் ஒரே கூட்டத்தில் மாற்றக்கூடியவை.

முதலாவது, அரியர் வரலாறு என்ற தகுதியை எடுத்துவிடுங்கள். எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிக்கிறாரோ அதற்குத் தொடர்புள்ள பாடங்களின் மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள். எகனாமெட்ரிக்ஸுக்குப் புள்ளியியலும் கணித முறைகளும் போதும்.

இரண்டாவது, விடுமுறையில் சில வாரம் கணிதப் பாலப் பயிற்சி நடத்துங்கள். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்களும் அதில் தேறினால் அனுமதியுங்கள். கணிதம் இல்லாத பிரிவில்தான் நம் பிள்ளைகளில் பலர் இருக்கிறார்கள்.

மூன்றாவது, தேறாவிட்டால் அரியர் இல்லாமல் பழைய பாடத்துக்குத் திரும்பும் உரிமையை எழுத்தில் கொடுங்கள்.

நான்காவது, காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட், அரசு உதவி, சுயநிதி என்ற சுவர்கள் இதற்குக் குறுக்கே வரக்கூடாது. கட்டணம் கூடுதலாக ஒரு ரூபாயும் வேண்டாம்.

ஐந்தாவது, இடங்கள் குறைவு, போட்டி உண்டு என்றால், மற்ற இடங்களுக்கு உள்ள அதே இட ஒதுக்கீடு இதற்கும் பொருந்த வேண்டும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. ‘சிறப்பு வாய்ப்பு’ என்ற பெயரில் ஒதுக்கீட்டிலிருந்து நழுவ விடக்கூடாது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

ஆறாவது அரசுக்கு. இப்படி ஒரு பாடத்துக்குப் பதில் இன்னொன்றைப் படித்தவருடைய பட்டம் டி.என்.பி.எஸ்.சி.க்கும் ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கும் செல்லும் என்று இப்போதே ஆணை போடுங்கள். பத்தாண்டு கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் ‘இந்தப் பேப்பர் படிக்கலையே’ என்று திருப்பி அனுப்பினால், திறந்தநிலைப் பல்கலைக்கழகக் கதை இரண்டாம் முறை நடக்கும்.

அந்தத் தங்கை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். எகனாமெட்ரிக்ஸை அவள் விடவில்லை. என்.பி.டி.இ.எல். இலவசக் காணொளிகளை ஞாயிறுதோறும் எங்கள் வட்டத்தில் பழைய மடிக்கணினி ஒன்றில் போட்டுப் பார்த்தாள். எங்களுக்கும் சேர்த்துப் புரிய வைத்தாள். தோரட்டின் அந்தக் கட்டுரையை அவள் கரும்பலகையில் எழுதி விளக்கியபோது, 0.67 என்ற எண் என்னவென்று எங்களுக்கே அன்றுதான் சரியாகப் புரிந்தது. மத்திய நிறுவனம் ஒன்றின் எம்.ஏ. நுழைவுத்தேர்வு எழுதினாள். சில மதிப்பெண்களில் போயிற்று. அந்தப் பேப்பரை முறையாகப் படித்திருந்தால் கிடைத்திருக்குமா என்று எங்களால் சொல்ல முடியாது. கிடைத்திருக்காது என்று அந்தக் கல்லூரியாலும் சொல்ல முடியாது.

இப்போது எம்.ஏ. முதலாண்டு படிக்கிறாள். எகனாமெட்ரிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் வட்டத்துக்கு வந்தபோது, இரண்டாம் ஆண்டு படிக்கும் பெரும்பாக்கத்துப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். இருவரில் ஒருத்திக்கு முதல் செமஸ்டர் ஆங்கிலத்தில் அரியர்.

“இவளுக்கும் விடும்மான்னு சொல்லிடாதீங்க அக்கா” என்றாள்.

சொல்ல மாட்டோம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் உங்கள் கல்லூரியின் விதிப் புத்தகத்தை எடுத்து, ‘அரியர் வரலாறு’ எங்கெல்லாம் வருகிறது என்று அடிக்கோடிட்டுப் பாருங்கள். யாருடைய வரலாறு அங்கே தகுதிக்குறைவாக எழுதப்பட்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஜெய் பீம்.